மூன்றாம் பந்தியில் ஒரு திருத்தம்

ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் இளையவர்கள் வந்து, "உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள், அல்லது வெளியிடப்போகும் மலரில் நாலைந்து பக்கம் காலியாக இருக்கிறது. ரிஸ்வானா கேட்டபோது எனக்கு இரண்டாவது சந்தேகம்தான் முதலில் வந்தது. அவர் நான் இருந்த துறையில், நான் நடத்திய பாடத்தை இப்போது நடத்துகிறவர். கம்பளையில் என் வீடு வரைக்கும் பஸ் ஏறி வந்து, முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடிக்காமலே பேசினார்.

"மிஸ், இப்ப எங்கட மேலிடமே சொல்லிட்டாங்க, பாடக் குறிப்பெல்லாம் எல்லாரும் வாசிக்க வலையில திறந்து போடோணும்னு. எல்லாரும் திறந்த புலமை, திறந்த புலமைன்றாங்க. நீங்களும் குமாரவேல் சேரும் அத எப்பவோ தமிழ்ல செஞ்சிட்டீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. உங்கட புத்தகத்த நாங்க புதுசாப் போடப் போறோம். அது எப்படி வந்திச்சின்னு நீங்கதான் எழுதித் தரோணும்."

எழுதுகிறேன் என்றேன். கைதட்டல் வாங்கும்படி எழுத என்னால் முடியாது என்பதையும் சொல்லிவிட்டேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதினால் தர்ஷினியைப் பற்றி எழுத வேண்டும். அது அவள் உண்மையான பெயர் அல்ல. அவள் அப்பா, அக்கா பெயர்களும் உண்மையானவை அல்ல. ஊர்களையும் கொஞ்சம் இடம் மாற்றியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து தேட வேண்டாம். எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேர மாத்தி எழுதுங்க மிஸ். மத்ததுல பொய் எழுதாதீங்க" என்றாள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா கம்பளைப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். கண்டியில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தேன், பள்ளிக்கூடத்தில் சில காலம் படிப்பித்தேன், பிறகு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். எனக்குப் படிப்பித்த பெரியவர்கள் தங்கள் குறிப்புகளை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து வாசிப்பார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம், மறுபடியும் பூட்டிவிடுவார்கள். அந்தத் தாள்கள் மஞ்சளாகி ஓரம் உதிர்ந்திருந்தன. நானும் வேலையில் சேர்ந்ததும் முதல் வேலையாக ஓர் அலுமாரிக்குத்தான் விண்ணப்பித்தேன்.

அலுமாரி வந்த வாரத்தில்தான் குமாரவேல் சேர் துறைத் தலைவராக வந்தார். யாழ்ப்பாணத்தவர். கண்டியில் அரை ஆயுளைக் கழித்தும் தன் பேச்சில் ஓர் எழுத்தை மாற்றாதவர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். பாலும் சீனியும் போடாத பிளேன் டீ குடிப்பார். அலுமாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல அலுமாரி. சேலை வைக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அன்று மாலைவரை அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நரம்பியல் பன்மை என்ற பாடத்தைத் தொடங்கலாம் என்று சொன்னது அவர்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மனித மூளைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஓட்டிசம் உள்ளவர், கவனம் ஓரிடத்தில் நிற்காதவர், எழுத்துக் கூட்டி வாசிக்கப் பாடுபடுகிறவர் எல்லாரும் வேறு விதமாக அமைந்தவர்கள். அவர்களைத் திருத்தப் பார்ப்பதை விட்டுவிட்டு, வகுப்பறையைத் திருத்தப் பார்க்கலாம் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். நாளைக்கு ஆசிரியர்களாகப் போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தமிழில் ஒரு புத்தகமும் இருக்கவில்லை.

"அப்ப பிள்ளையளை வைச்சே எழுதுவம்" என்றார் சேர். "எழுதி எல்லாருக்கும் திறந்து விடுவம்."

பீடக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் எதற்கு விரிவுரைக்கு வரப்போகிறார்கள் என்று கேட்டார். "வாசிச்சுப்போட்டு வருவினம். இப்ப வாசிக்காமல் வருகினம்" என்று சேர் உட்கார்ந்தபடியே சொன்னார். கேட்டவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடமும் ஓர் அலுமாரி இருந்தது.

எங்கள் வேலைமுறை இதுதான். ஒவ்வொரு மாணவரும் ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். முதல் வரைவைத் துறையின் வலைப்பக்கத்தில் போடுவோம். மற்றவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக் குறை நிறை எழுதுவார்கள். ஒளிந்திருந்து எழுத இடமில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சேர் அந்த வரைவை வகுப்பின் முன் தானே உரக்க வாசிப்பார். கையில் பென்சில் இருக்கும். ஒரு வசனத்தில் சந்தேகம் வந்தால் மேசையில் பென்சிலால் தட்டுவார்.

"ஆற்றை வசனம் இது?"

யாருடைய வசனம் என்று கேட்கிறார் என்பதே மலையகத்துப் பிள்ளைகளுக்கு முதலில் விளங்காது. விளங்கிய பிறகு பயப்படுவார்கள். ஒரு பையன் "இணையத்துல இருந்து எடுத்தேன் சேர்" என்றான். "இணையத்துக்குத் தாய் தகப்பன் இல்லையோ?" என்றார். அவன் போய் அந்த வசனத்தை எழுதியவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு வசனமும் அநாதையாக நிற்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். எல்லாம் முடிந்ததும் நூலகம் அதைப் பொதுவில் வெளியிடும். யாரும் வாசிக்கலாம், பிரதி எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தி எழுதலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

வகுப்பறையையும் மாற்றினோம். கேள்விகளை முதல் நாளே எழுதிக் கொடுத்தோம். நடந்தபடி கேட்கிறவன் நடக்கலாம். கண்ணைப் பார்த்துப் பேசு என்று யாரையும் வற்புறுத்தவில்லை. டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் படிப்பித்தோம். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மிஸ், இருட்டுக்குள்ள பேய் ஓட்டுறீங்களா?" என்பார். "உள்ள வாங்க, உங்களுக்கும் ஓட்டிவிடுறேன்" என்பேன்.

லைட்டை அணைத்ததற்குக் காரணம் தர்ஷினி. பாடம் தொடங்கிய முதல் வாரம் ஒரு பெண் விரிவுரை முழுவதும் கதவுக்கு வெளியே நின்றாள். ஒல்லியான பிள்ளை, புத்தகப் பையை மார்போடு அணைத்திருந்தாள். முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"ஏன் உள்ள வரல்ல?"

"லைட்டு சத்தம் போடுது மிஸ்."

"எந்த லைட்?"

"ரெண்டும். பின்னால உள்ளது கூட."

நான் அண்ணாந்து நின்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து ஓர் இரைச்சல், இருக்கிறதா இல்லையா என்னும்படி, கேட்டது. இத்தனை வருடமாக அதற்குக் கீழே நின்று சத்தம் போட்டிருக்கிறேன்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பெரியசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. அம்மா சிறுவயதிலேயே இல்லை. அக்கா கலா கண்டியில் கார்மண்ட் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து இவளைப் படிக்க வைத்தாள். எங்கள் பாடத்தில் மூன்றாவது வாரமே தர்ஷினி என்னிடம் வந்து, "இது என்னப் பத்தின பாடம் மிஸ்" என்று சொன்னாள். பிறகு தானாகவே கண்டியில் மருத்துவரிடம் போய் வந்தாள். வந்து, ஆமாம், ஓட்டிசம்தான் என்று, மழை விட்டுவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தயாராக இருந்த நான் அந்த ஆறுதலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி இருந்தது.

அவள் எழுதிய அத்தியாயத்துக்குப் பெயர் 'சத்தத்தின் நடுவில் ஒரு பிள்ளை'. தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் அவள் அப்பா எப்போதும் கடைசியாக நிற்பாராம், கூட்டம் கலைந்த பிறகுதான் மூச்சு விடுவாராம். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கல்யாணம், திருவிழா என்று ஒலிபெருக்கி கட்டினால் மலைக்கு மேலே போய்விடுவார். ஊமை பெரியசாமி என்று அவருக்குப் பட்டப்பெயர். 'எனக்கு இருப்பதுதான் அப்பாவுக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். 'எனக்காக ஒரு வகுப்பறை லைட்டை அணைத்தது. அப்பாவுக்காக யாரும் எதையும் அணைத்ததில்லை.'

சேர் இதை வாசித்தபோது பென்சில் மேசையைத் தொடவே இல்லை. ஓர் இடத்தைத் தவிர. கட்டுரையின் மூன்றாவது பந்தியில், சிறுவயதில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியின் ஒலிபெருக்கிக்குப் பயந்து அவள் சாமான் அறைக்குள் போய் ஒளிந்ததும், யாரோ தெரியாமல் வெளியே தாழ்ப்பாள் போட்டதும் வருகிறது. அதன் முடிவில் 'வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நான் வீட்டுக்குப் போனேன்' என்று எழுதியிருந்தாள். பென்சில் தட்டியது.

"பிள்ளை, கதவு தானாத் திறக்குமோ?"

"இல்ல சேர்."

"அப்ப ஆர் திறந்தது?"

"அது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்ல சேர்."

சேர் சிரித்துவிட்டு, "எழுதினவர் சொன்னால் சரிதான்" என்று அடுத்த வரிக்குப் போனார்.

அப்பாவைப் பற்றி எழுதியிருப்பதால் அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று சேர் சொல்லி அனுப்பினார். கட்டுரையில் வரும் ஒவ்வொருவரிடமும் கேட்பது எங்கள் ஒழுங்கு. தர்ஷினி ஊருக்குப் போய்க் கேட்டாள். "எழுது" என்றாராம். அக்கா கட்டுரையில் எங்குமே வரவில்லை. அதனால் அவளிடம் கேட்கவில்லை. அந்த ஒழுங்கை நாங்கள் எவ்வளவு பெருமையோடு வைத்திருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது.

நூலகத்தின் பதிவுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. நிரப்பாவிட்டால் நகராது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைத்தான் போடுவோம், எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் போட்டோம். அதனால் வலையில் எழுத்தாளர் பெயர் 'பெரியசாமி, த.' என்று வந்தது. கட்டுரை பரவியது. சிங்களத்தில் மொழிபெயர்த்தார்கள், வேறு இடங்களில் பாடமாக வைத்தார்கள். மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் 'பெரியசாமி கூறுவது போல', 'பெரியசாமியின் கருத்துப்படி' என்றே எழுதினார்கள். மலைக்கு மேலே ஓடி ஒளிகிற மனிதர் ஆய்வுக் கட்டுரைகளுக்குள் நடமாடினார். "பெரியசாமி எங்களைவிடப் பெரிய ஆளாப் போட்டார்" என்று சேர் கேலி செய்வார். தர்ஷினிக்கும் அது பிடித்திருந்தது. சிரிக்கத் தெரியாத பிள்ளை என்று நான் நினைத்திருந்தேன், அதைக் கேட்டுச் சிரித்தாள்.

பிறகு கலாவுக்குக் கண்டி மஹய்யாவையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. இரு தரப்புக்கும் பிடித்து, பரிசம் போட நாளும் பார்த்துவிட்டார்கள். இந்தக் காலத்தில் ஜாதகம் பார்ப்பதற்கு முன் போனில் பார்க்கிறார்கள். மாப்பிள்ளையின் தம்பி பெண்ணின் அப்பா பெயரையும் தெல்தோட்டையையும் போட்டுத் தேடியிருக்கிறான். கட்டுரை முதலாவதாக வந்து நின்றது.

ஒரு மழை நாளில் மூவரும் துறைக்கு வந்தார்கள். சேரின் அறையில் பெரியசாமி சுவரோரக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தர்ஷினி நின்றாள். கலா உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"தகப்பனுக்கும் மகளுக்கும் மூளையில கோளாறுன்னு நீங்களே எழுதி ஊருக்குப் படிக்கக் குடுத்திருக்கீங்களேன்னு கேக்குறாங்க சேர். எனக்குப் பொறக்குற புள்ளைக்கும் வருமாம். தரகர் இனிமே எங்க லயத்துப் பக்கமே வரமாட்டேன்னுட்டாரு."

"அது கோளாறு இல்லை பிள்ளை..." என்று சேர் தொடங்கினார்.

"எனக்குத் தெரியும் சேர். அவங்களுக்குத் தெரியாதே." அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அப்பாவப் பத்தி எழுதியிருக்கா. டீச்சர்மாரப் பத்தி எழுதியிருக்கா. அந்த சாமான் ரூம் கதவத் தெறந்து இவளத் தூக்கிட்டு வந்தவ நான். பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினேன் சேர். என்னப் பத்தி ஒரு வரி இல்ல. ஆனா கல்யாணம் நின்னது எனக்குத்தான்."

தர்ஷினி அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பெரியசாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அத எனக்குப் படிச்சுக் காட்டுவீங்களாங்க?"

சேர் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். பென்சிலை எடுக்கவில்லை. பெரியசாமி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தபடி கேட்டார். முடிந்த பிறகு கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த லைட்ட அணைக்க முடியுங்களா?"

சேர் தானே எழுந்து போய் அணைத்தார். அறை மங்கியது. அந்த மனிதரின் தோள்கள் மெல்லக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். அவ்வளவு நேரமும் அவை உயர்ந்திருந்தன என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கு வரை என்னால் அதை அழாமல் நினைக்க முடிவதில்லை.

"உள்ளதத்தாங்க எழுதியிருக்கு" என்றார் பெரியசாமி. "ஆனா பெரியவளுக்கு நல்லது நடக்கணுங்க."

"பேர எடுத்துடுங்க சேர்" என்றாள் தர்ஷினி.

சேர் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். கட்டுரையையே எடுத்துவிடலாம் என்றார். வேண்டாம், மற்றப் பிள்ளைகளுக்கு அது உதவுகிறது, அதில் உள்ள ஊர்ப் பெயரையும் பட்டப்பெயரையும் எடுத்துவிட்டால் போதும் என்றாள். கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு அவரே நூலகத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. எழுத்தாளர் என்ற இடத்தில் 'பெயர் குறிப்பிட விரும்பாத மாணவி' என்று வந்தது. பிரதி எடுத்தவர்களுக்கெல்லாம் எழுதி மாற்றச் சொன்னோம், பெரும்பாலானவர்கள் மாற்றினார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். நாங்கள் ஊர்வாய்க்குப் பயந்து, எழுதியவளின் வாயை மூடினோம். இது யார் எழுதியது என்று எங்கள் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது என்று சேர் எங்களிடம் வாக்கு வாங்கினார். மஹய்யாவை மாப்பிள்ளை திரும்பி வரவில்லை.

தர்ஷினி பரீட்சையில் நல்ல சித்தியோடு பட்டம் பெற்றாள். சேர் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார், நான் துறைத் தலைவரானேன். அந்தப் பாடத்துக்கு ஒரு தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி வந்தது. தர்ஷினி விண்ணப்பித்தாள். அவள் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நான் அந்த ரூம்ல படிப்பிக்கணும் மிஸ்" என்றாள்.

நேர்முகத் தேர்வில் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். தமிழ் தெரிந்தவர், கண்டிப்பானவர், நியாயமானவர். அறை லைட்டை நான் முன்கூட்டியே அணைத்து வைத்திருந்தேன். தர்ஷினி உள்ளே வந்து மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள். பிறகு பேராசிரியை கேட்டார்.

"நீங்கள் எழுதி வெளிவந்த கட்டுரை ஏதும் இருக்கிறதா?"

விண்ணப்பித்த மற்ற இருவருக்கும் இருந்தது. புள்ளித் திட்டத்தில் அதற்கு ஒரு பங்கு உண்டு. நான் வாயைத் திறந்தேன். தர்ஷினி அதுவரை ஒரு தடவைகூட என் கண்ணைப் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். அந்த மாதம்தான் கலாவுக்குக் கம்பளையில் வேறொரு இடம் முடிவாகியிருந்தது, பரிசம் இன்னும் போடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இல்லை" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. யாரேனும் சுகமா என்று சும்மா கேட்டால்கூட நின்று யோசித்துப் பதில் சொல்கிறவள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியை விடவில்லை. "இந்தத் துறையிலிருந்து பெயரில்லாமல் ஒரு கட்டுரை வந்ததே, 'சத்தத்தின் நடுவில் ஒரு பிள்ளை'. வாசித்திருக்கிறீர்களா? தமிழில் இந்த விடயத்தைப் பற்றி அதைவிட நல்ல எழுத்தை நான் பார்க்கவில்லை. உங்கள் அபிப்பிராயம் என்ன?"

"வாசிச்சிருக்கேன். அதுல ஒரு குறை இருக்கு."

"என்ன குறை?"

"மூணாவது பந்தியில கதவு திறந்ததுன்னு இருக்கு. கதவு தானாத் திறக்காது. யாரோ தேடி வந்து திறந்திருக்கணும். எழுதினவ அவங்களப் பத்தி எழுதல."

பேராசிரியை "நல்ல வாசிப்பு" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். புள்ளிகளைக் கூட்டியபோது வேறொருவர் முன்னால் இருந்தார். அவரும் தகுதியானவர்தான், யாரையும் குறை சொல்ல வழியில்லை. அன்று வீட்டுக்கு வந்து சமைக்காமல் படுத்துவிட்டேன்.

கலாவுக்குக் கல்யாணம் நடந்தது. தர்ஷினி தெல்தோட்டையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியசாமியும் காலமானார், குமாரவேல் சேரும் காலமானார். நான் ஓய்வு பெற்றேன்.

ரிஸ்வானா புத்தகத்தைப் புதிதாகப் போடுவதாகச் சொன்ன பிறகு, கம்பளைச் சந்தையில் கலாவைக் கண்டேன். இடுப்பில் குழந்தை. செய்தியைச் சொன்னேன்.

"இப்பவாவது அவ பேரப் போடுங்க மிஸ்" என்றாள். "என் வீட்டுக்காரர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். 'அதுக்கென்ன இப்ப'ன்னுட்டாரு. இத்தன வருஷமா எத நெனச்சுப் பயந்தேன்னே தெரியல."

நான் அடுத்த நாளே தெல்தோட்டைக்கு பஸ் ஏறினேன். கடையின் பின்பக்கத்தில் தர்ஷினி கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கும் பக்கத்து லைட் அணைந்திருந்தது. கடைக்காரர் நல்லவர் போல. படிக்கும் பிள்ளைகளுடைய பாட ஒப்படைகளைத் தட்டச்சு செய்வதும், அவர்கள் பெயரை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டுக் கொடுப்பதும் அவள் வேலை. எனக்குப் பிளேன் டீ வாங்கித் தந்தாள். முழுவதையும் சொன்னேன், அக்கா சொன்னதையும் சொன்னேன்.

வெகுநேரம் யோசித்தாள்.

"நேர்முகத்துல இல்லன்னு சொல்லிட்டேன் மிஸ். இப்ப பேரப் போட்டா அது பொய்யாப் போயிடும்."

"அது அக்காவுக்காகச் சொன்னதும்மா. யாரும் ஒன்னைத் தப்பா நெனக்க மாட்டாங்க."

"நான் நெனப்பேன்."

நான் கெஞ்சினேன். வயதானவள், படிப்பித்தவள் என்ற வெட்கமில்லாமல் கெஞ்சினேன். அந்த எழுத்து அவளுடையது, உலகம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அவள் கோபப்படவில்லை. மூன்றாவது பந்தியை எடுத்துக் காட்டச் சொன்னாள். என் போனில் காட்டினேன். மூக்கருகே வைத்து வாசித்தாள்.

"திறந்து விட்டதுதானே மிஸ், யாரும் திருத்தலாம்தானே?"

"திருத்தலாம்."

"இந்த ஒரு வசனத்த மட்டும் மாத்துங்க."

நான் குறித்துக்கொண்டேன். வெளியே யாரோ பிரதி எடுக்க வந்து கூப்பிட்டார்கள், அவள் எழுந்து போனாள்.

ரிஸ்வானா, இது உங்களுக்கு. எழுத்தாளர் பெயர் இருக்கும் இடத்தில் கைவைக்க வேண்டாம், இருப்பது போலவே இருக்கட்டும். மூன்றாவது பந்தியின் கடைசியில் மட்டும் இப்படிப் போடுங்கள்: 'வெகுநேரம் பள்ளிக்கூடம் முழுவதும் தேடி, அக்கா வந்து கதவைத் திறந்தாள். என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.'